சோத்துக்கைப் பக்கத்து லென்ஸ்

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சிக்கந்தர் பாயின் கண்ணாடிக் கடைக்கு நான் தொலைபேசியில் பேசுவது வழக்கம். என் மகளுக்கு லென்ஸ் கழுவும் திரவம் வந்திருக்கிறதா என்று கேட்பேன். "வந்துருக்கு சார், தனியா எடுத்து வச்சுட்டேன். காலண்டரு தப்புனாலும் நீங்க தப்ப மாட்டீங்க" என்பார். சென்ற மாதம் அதே நேரத்தில் போனை எடுத்தவர் அவருடைய மனைவி ரஹ்மத். "சார், அவரு மௌத்தாகிட்டாரு. காலையில தொழுகைக்கு எந்திரிச்சவரு, கைகால் கழுவுன எடத்துலயே உக்காந்துட்டாரு. மத்தியானம் அடக்கம்" என்றார். "சரிம்மா, பெறகு கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட செய்திக்கு இப்படி ஒரு பதிலைச் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எனக்கு எழுபத்தொன்று.

நாற்பதாம் நாளன்று, கடையில் லென்ஸ் வாங்கியவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் கூடும்போது படிப்பதற்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று ரஹ்மத் கேட்டார். "உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு அவரு அடிக்கடி சொல்லுவாரு சார்" என்றார். அந்தப் பாராட்டு எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாலதி எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே மகள். வத்தலக்குண்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலை. இருபத்துமூன்று வயதில், ஒரே ஆண்டில் நான்கு முறை கண்ணாடி மாற்றினாள். ஒவ்வொரு கடையிலும் புது நம்பர் எழுதினார்கள், புதுக் கண்ணாடி தந்தார்கள், இரண்டு மாதத்தில் மறுபடியும் எழுத்துகள் நிழலடித்தன. ஐந்தாவதாகத்தான் பாயின் கடைக்குப் போனோம். அவர் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பல வருடம் லென்ஸ் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று யாரோ சொன்னார்கள். வெகுநேரம் சோதித்துவிட்டு, கண்ணாடி போட்டுத் தரமாட்டேன் என்றார்.

"கண்ணாடி விக்கிறவன் கண்ணாடி வேணாங்கிறேன். நம்புங்க சார்."

பிறகு மாலதியிடம் கேட்டார். "கண்ணக் கசக்குவியா தாயி?"

"லேசா, அரிக்கிறப்ப."

"லேசா இல்ல, துணி தொவைக்கிற மாதிரி கசக்கிருக்க. கருவிழி இப்ப வெங்காயச் சருகு கணக்கா இருக்கு. இன்னையிலேருந்து அந்தக் கைக்கு வேற வேலை குடு. கண்ணுப் பக்கம் போச்சுன்னா ரெண்டு அடி போடு."

என் பக்கம் திரும்பினார். "நீங்க சர்வே ஆபீஸ்தான சார்? உங்க பாஷையிலயே சொல்றேன். கருவிழி பந்து மாதிரி சீரா வளைஞ்சிருக்கணும். இந்தப் புள்ளைக்கு நடுவுல மட்டும் சிறுமலை எந்திரிச்சு நிக்குது. மலைய வச்சுக்கிட்டு வெளிய கண்ணாடிய மாத்தி மாத்தி மாட்டி என்ன செய்ய?" கெரட்டோகோனஸ் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி வைத்தால் ஏதோ செய்துவிட்டது போல எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

அதன்பிறகு மதுரை. சோர்வு என்றால் எனக்கு இன்றும் அந்த விடிகாலைப் பேருந்துதான். டோக்கன், பெஞ்சு, கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து, இன்னொரு பெஞ்சு, கூசும் கண்களோடு மகளைக் கைப்பிடித்துச் சாலை கடத்துவது. கருவிழியில் வைட்டமின் சொட்டை ஊற்றி, புறஊதாக் கதிரைக் காட்டி அதை இறுக்குகிறார்கள். நோய் மேலும் வளராமல் நிற்கும். ஒரு கண்ணுக்குச் செய்து, சில மாதம் கழித்து அடுத்த கண்ணுக்குச் செய்தார்கள். கட்டைப் பிரித்ததும் பார்வை வந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. வராது என்று பாய் முன்பே சொல்லியிருந்தார்; நான்தான் காதில் வாங்கவில்லை. "ஓடுற பஸ்ஸ நிறுத்தியாச்சு சார். ஏறுறது இனிமேத்தான்" என்றார். ஏறுவதற்கு வேண்டியது கெட்டி லென்ஸ். கூம்பிப்போன கருவிழியின்மேல் அது வழவழப்பான ஒரு புதிய பரப்பாக உட்காரும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்யவேண்டும். விலையைக் கேட்டதும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காப்பீட்டு அட்டையோடு மூன்று முறை அலைந்தேன். காகிதங்களை வரிசைப்படுத்தி, முன்னால் ஒரு பொருளடக்கமும் வைத்திருந்தேன். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆபரேஷன்னா பாக்கலாம் ஐயா, லென்ஸுக்கு இதுல வராது" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்கள். பாயிடம் வந்து சொன்னேன். "கண்ண அறுக்குறதுன்னா குடுப்பாங்க. அறுக்காம காப்பாத்துறதுன்னா குடுக்க மாட்டாங்க. விடுங்க சார், நாம பாத்துக்குவோம்" என்றார்.

அந்த "நாம" எவ்வளவு பெரியது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வேடசந்தூர் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்களின் அளவுகளைச் சேர்த்து வைத்து, ஏழு சோடி ஆனதும் மொத்தமாகச் சென்னை லென்ஸ் கம்பெனிக்கு அனுப்புவார். அவர் போனில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். "ஏழு சோடி அனுப்புறேன் தம்பி. ஒத்தச் சோடி அனுப்புறவனுக்குச் சொல்ற வெலைய என்கிட்டச் சொல்லாத. உக்காரலைன்னா ஒரு தடவ சும்மா செஞ்சு குடுக்கணும், அதையும் எழுதிக்க. என்னாது, முதலாளியக் கேக்கணுமா? கேளு, நான் லைன்லயே இருக்கேன்." வெளியில் விற்ற விலையில் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் எங்களுக்கு வந்தது. ஏழு சேர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் மாலதியின் வேலை நின்றுபோயிருந்தது. "கண்ணு சரியானதும் வாம்மா" என்று பரிசோதனை நிலைய முதலாளி அன்பாகத்தான் சொல்லியிருந்தார்.

லென்ஸ் வந்த நாளில் பாய் அதை அவள் கண்ணில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கடைச் சுவரில் எந்த நகைக்கடையோ கொடுத்திருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்து, "ராகு காலம் மூணுலேருந்து நாலரை" என்று வாசித்தாள். பாய் வாய்விட்டுச் சிரித்தார். "என் கடையில ராகு காலம் பாத்த மொத ஆளு நீதான் தாயி!" நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை.

ஒரு முறை வலது லென்ஸ் வாஷ்பேசின் ஓட்டைக்குள் போய்விட்டது. துணியை அடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று பாய் பலமுறை சொல்லியிருந்தும் நடந்துவிட்டது. பயந்துகொண்டே போன் செய்தேன். "குழாயத் திறக்காதீங்க, கை வைக்காதீங்க, வாரேன்" என்று சொல்லி, கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் வந்தார். கீழே படுத்து, குழாயின் வளைவைக் கழற்றி, உள்ளிருந்த அழுக்கையெல்லாம் எங்கள் டீ வடிகட்டியில் ஊற்றினார். கிடைத்தது. "இனிமே இந்த வடிகட்டியில எனக்கு டீ போட்டுராதீங்க சார்" என்றார். இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரு லென்ஸ் போனால் இன்னொன்று வாங்க எங்களால் முடியாது என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது என்பதுதான்.

இனி, நான்கு முறையும் நான் எழுதிக் கிழித்த பகுதி.

முதல் நான்கு மாதங்கள் லென்ஸை நான்தான் மாலதிக்குப் போட்டுவிட்டேன். தன் விரல் தன் கண்ணுக்குள் வருவதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மேசைக்கு இருபுறமும் எதிரெதிராக உட்காருவோம். நடுவில் லென்ஸ் டப்பா. என்னை நோக்கி அமர்ந்திருக்கும் அவளுடைய வலது கண், என் இடக்கைப் பக்கம் இருக்கும். அந்த லென்ஸை என் இடக்கைப் பக்கத்துக் குழியில் வைப்பேன். மறுநாள் அங்கிருந்தே எடுப்பேன். ஒருநாளும் தவறியதில்லை. பிறகு டப்பாவின் மூடியில் விரிசல் விட்டது. மருந்துக் கடையில் ஒரு புது டப்பா வாங்கினேன். இரண்டு மூடியும் வெள்ளை, எந்த அடையாளமும் இல்லை. எனவே ஒட்டுத்தாள் எழுதினேன். வாழ்நாளெல்லாம் நிலங்களுக்குப் புலப்படம் வரைந்தவன் நான். படத்தில் பார்ப்பவனின் வலதுதான் வலது. என் வலக்கைப் பக்கத்து மூடியில் "வலது" என்றும், என் இடக்கைப் பக்கத்து மூடியில் "இடது" என்றும், கறுப்பு மையில், பெரிய எழுத்தில், அளவுகோல் வைத்து எழுதி ஒட்டினேன். நான் போட்டுவிடும்போது அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. என் கைக்கு இடம் தெரியும்.

அடுத்த வாரம் மாலதி, "இன்னைக்கு நானே போட்டுக்கிறேன்ப்பா" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம். அவள் எழுத்தைப் பார்த்து எடுத்தாள்.

மூன்று வாரம் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். உறுத்தல், நீர், மங்கல். தனக்குச் சரியாகப் போடத் தெரியவில்லை என்று நினைத்து அவள் இன்னும் பிடிவாதமாகப் போட்டாள். நான் எத்தனை மணிக்குப் போட்டாள், எப்போது கழற்றினாள், எவ்வளவு சிவப்பு என்று அட்டவணை எழுதினேன். காரணத்தைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. மதுரைக்குப் போனோம். வலது கருவிழியின் நடுவில் காயம் என்றார் இளம் டாக்டர். ஆறட்டும், லென்ஸ் இனியும் ஒத்துவராவிட்டால் கருவிழி மாற்று அறுவைதான், பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள் என்றார். திரும்பும் பேருந்தில் மாலதி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்காக யாராச்சும் சாகணும்னு காத்துருக்கணுமாப்பா?" என்று கேட்டாள். கொடைரோடு வரையில் நான் பதில் யோசித்தேன். அதன்பிறகு அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

காயம் ஆறியதும் பாய் கூப்பிட்டார். "லென்ஸ மட்டும் கொண்டாராதீங்க சார். டப்பா, தண்ணி, மூஞ்சி பாக்குற கண்ணாடி, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வாங்க." மாலதியையே போடச் சொன்னார். பச்சைச் சொட்டு விட்டு, நீல விளக்கில் ஒரு கண்ணைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், மறுபடி முதலாவதைப் பார்த்தார். லென்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டு, "உள்ள போயி டீ குடி தாயி, செத்த நேரம் கண்ணு ஓஞ்சிருக்கட்டும்" என்று கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு அனுப்பினார். டப்பாவைக் கையில் எடுத்தார்.

"எழுத்து உங்களுதா சார்?"

"ஆமா."

"அச்சு மாதிரி இருக்கு." எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப நான்தான் மாலதி. தாடியப் பாக்காதீங்க. மொத லென்ஸ எடுத்து எனக்குப் போட்டுவிடுங்க, சும்மா வெறும் விரலால."

நான் என் இடக்கைப் பக்கத்து மூடியைத் திறந்து, எடுப்பது போல எடுத்து, அவர் கண்ணருகே விரலைக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது எனக்கு எந்தக் கண்ணு சார்?"

"வலது."

"மூடியில என்ன எழுதியிருக்கு?"

பார்த்தேன். "இடது" என்று என் கையெழுத்தில் இருந்தது.

பாய் என் மணிக்கட்டை விடவில்லை. "செஞ்சு காட்டச் சொல்லி நான் மொதல்லயே பாத்திருக்கணும்" என்றார். அதற்குள் மாலதி வந்துவிட்டாள். அவர் எழுந்து, அவளிடம், "தாயி, தப்பு நடந்துபோச்சு. லென்ஸ நான்தான் எடம் மாத்திக் குடுத்துட்டேன்" என்றார். குழாய் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த அன்று கழுவும்போது மாறியிருக்கும் என்று ஒரு கதையும் சேர்த்தார். நாட்கணக்குகூடப் பொருந்தாத கதை. மாலதி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"மூணு வாரம் பாய்! ரெண்டு கண்ணுலயும் மொளகாப் பொடி போட்ட மாதிரி. நீங்கள்லாம் ஒரு ஆளுன்னு நம்பி வந்தோம் பாருங்க" என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். ரஹ்மத் கதவருகே டீ டம்ளரோடு நின்றார். பாய் தலையைக் குனிந்து, "கோவப்படு தாயி, நல்லாப் படு" என்றார். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது கேட்டேன், ஏன் என்று. மெதுவாகச் சொன்னார். "என்மேல கோவம்னா வேற கடைக்குப் போகும் சார். உங்கமேல கோவம்னா வேற வீட்டுக்கா போகும்? அம்புட்டுத்தான்." என் ஒட்டுத்தாள்கள் இரண்டையும் கிழியாமல் உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். தன் கோணல் எழுத்தில் வேறு இரண்டு எழுதி ஒட்டினார். ஒன்றில் "சோத்துக்கை", மற்றதில் "நொட்டாங்கை". "எதிர்ல யாரு உக்காந்தாலும் அவங்கவங்க சோறு அவங்கவங்க கையிலதான சார். இது மாறாது" என்றார். இன்று உங்கள் எல்லோர் டப்பாவிலும் இருக்கும் அந்த எழுத்துகள் அன்றுதான் தொடங்கின.

லென்ஸ் சரியான கண்ணுக்கு மாறியதும் மாலதிக்குப் பார்வை வந்தது. வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் வலது கருவிழியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும் என்பாள். "பாய் போட்ட வளையம்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். ஆறு ஆண்டுகளாக அந்தப் பெயரை என் காதால் கேட்டேன்.

அவர் என்னை மறைக்கச் சொல்லவில்லை. அன்று தொடங்கி ஒரு வாரம் நான் உண்மையைச் சொல்லாமல் இருந்ததில் நியாயம் இருந்திருக்கலாம். மீதி என் கோழைத்தனம். ஒருநாள் கடையில் திரவம் வாங்கக் காத்திருந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு காய்கறி விவசாயி, மகனுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். "ஏனுங்க பாய், ஒரு புள்ளைக்கு லென்ஸ மாத்திக் குடுத்துப் போட்டீங்கன்னு பேசிக்கிறாங்களே, மெய்யாலுங்களா?" என்று கேட்டார். பாய் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. "மெய்தாண்ணே. அதுனாலதான் எல்லாரையும் போட்டுக் காட்டச் சொல்லிப் பாக்குறேன். நீங்களும் வீட்டுக்குப் போகுமுன்ன ஒரு தடவ பாத்துக்கங்க" என்றார். அந்த மனிதர் மகனை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கே போய்விட்டார். அந்த மாதம் ஏழு சோடி சேரவில்லை. ஆறோடு நின்று, மற்றவர்கள் காத்திருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டிலின் காலாவதித் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் போய் வந்த அன்று மாலதி, "அன்னைக்கு அவர அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. தப்பு செஞ்சாலும் ஒத்துக்கிட்டாரே" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தபின், இந்த ஐந்தாவதை இந்த இடம்வரை எழுதி, முந்தாநாள் மாலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் கேட்டாள்.

"அந்தத் தழும்புமாப்பா?"

"ஆமாம்மா."

எழுந்துபோனாள். சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, வெள்ளைத் துண்டை விரித்து, லென்ஸ் இரண்டையும் கழற்றி, சோத்துக்கைப் பக்கத்தில் ஒன்றும் நொட்டாங்கைப் பக்கத்தில் ஒன்றுமாக வைத்து மூடினாள். எதிரே உட்கார்ந்தாள். "இப்ப உங்க முகம் எனக்குத் தெரியாது. மொதல்லேருந்து இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். முதல் தடவை விழுங்கிய இடங்களை இந்த முறை விழுங்கவில்லை. முடித்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது, கண்ணைக் கசக்கவில்லை.

"கடையிலயும் இதே மாதிரி படிக்கணும். ஒரு வரி விடக் கூடாது. ரஹ்மத்தம்மா முன்னாடி. அன்னைக்கு நான் லென்ஸ் போட்டுக்கிட்டு வந்து மொத வரிசையில உக்காந்திருப்பேன்."

ரஹ்மத் அம்மா, உங்கள் கணவர் யாருக்கும் லென்ஸை மாற்றிக் கொடுத்ததில்லை. ஒருமுறைகூட இல்லை. மாற்றியவன் நான். அவர் கொடுத்த அந்தக் கோணல் எழுத்து டப்பா மாலதியிடம் இருக்கிறது. அது அவளுக்கு உரியது. என்னிடம் இருப்பவை, அவர் கிழியாமல் உரித்துக் கொடுத்த இரண்டு ஒட்டுத்தாள்கள். ஓய்வூதியப் புத்தகத்தின் உறைக்குள் வைத்திருக்கிறேன். பசை காய்ந்துவிட்டது. எழுத்து இன்னும் அச்சு மாதிரிதான் இருக்கிறது.